மயில்கழுத்து நூல் எங்கே? கைவேலைச் சாமான்களை வைக்கும் விதமும் வேலை மேல் வரும் ஆசையும்

கும்பகோணத்தில் எங்கள் தெருவில் ஆரி வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். வைகாசி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டால் காலையிலிருந்தே அவர் வீட்டுத் திண்ணையில் ரவிக்கைத் துணியோடு ஆள் உட்கார்ந்திருக்கும். போன ஆண்டு அப்படி ஒரு நாளில், ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக் கையில் பாதி மயில் முடிந்திருந்த நேரம், மயில்கழுத்து நிறப் பட்டு நூல் தீர்ந்துவிட்டது. வீட்டில் இன்னொரு கண்டு இருப்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். மூன்று கட்டைப்பைகளைக் கவிழ்த்துத் தேடினார். கிடைக்கவில்லை. வெயிலோடு பெரிய கடைத்தெருவுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அப்புறம் ஆயுத பூஜைக்காக அறையை ஒழித்தபோது, அதே நிறத்தில் ஆறு கண்டுகள் அகப்பட்டன. இரண்டின் மேல் சுற்றியிருந்த காகிதம்கூடப் பிரிக்கப்படவில்லை.

"நூலுக்குக் கொடுத்த காசு போகட்டும்மா. வாங்கிட்டு வந்து உக்காந்தப்போ அந்த மயில் மேல எனக்கு இருந்த ஆசையே போயிருந்துச்சு. கடமைக்குத்தான் முடிச்சேன்" என்றார்.

இந்தப் பேச்சு எனக்குள் வெகுநாள் ஓடிக்கொண்டிருந்தது. கைவேலைச் சாமான்களை ஒழுங்காக வைப்பது என்றாலே வீடு பார்க்க அழகாக இருப்பதற்கு என்று நினைத்துக்கொள்கிறோம். அக்கா சொன்னது அதைப் பற்றி இல்லை. மனத்தில் ஆசை எழும் நேரத்துக்கும் கை வேலையைத் தொடும் நேரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் விஷயம். காவிரிப் படுகையில் கைத்தொழிலே பிழைப்பாகக் கொண்ட பட்டறைகள் இந்தத் தூரத்தைக் குறைக்கும் வழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வைத்திருக்கின்றன. வீட்டில் ஊசியும் நூலும் தூரிகையும் வைத்திருக்கும் நாம் அவற்றை அவ்வளவாகக் கவனித்ததில்லை.

தேடும்போது எது கலைகிறது

ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்துக்கொள்ள முடிகிறவை மிகக் கொஞ்சம். 1956இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் ஏழு என்ற எண்ணை ஒட்டிய ஒரு கணக்கைச் சொன்னார். 2001இல் நெல்சன் கோவன் அதை மறுபடி ஆராய்ந்து, ஏறக்குறைய நான்குதான் என்றார். இப்போது அந்த மயிலை நினைத்துப் பாருங்கள். கழுத்து எந்தப் பக்கம் வளைகிறது, தையல் எந்தத் திசையில் ஓட வேண்டும், இந்த நிறம் எங்கே நின்று அடுத்த நிறம் எங்கே தொடங்க வேண்டும், துணியின் இழுப்பு எவ்வளவு. நான்கு இடமும் நிரம்பிவிட்டது. இந்த நேரத்தில் "எந்தப் பையில் வைத்தேன், எந்தக் கடையில் வாங்கினேன், போன மாதம் தங்கச்சி எடுத்துப் போனாளோ" என்ற கேள்விகள் நுழைந்தால், ஏற்கெனவே உள்ளே இருந்தவை வெளியே போய்த்தான் ஆக வேண்டும். திரும்பி வந்து உட்காரும்போது மயிலை முதலிலிருந்து மனத்தில் கட்ட வேண்டியிருக்கிறது. ஆசை போய்விட்டது என்று அக்கா சொன்னது பெருமளவு இந்த வேலையின் பாரத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

கண்ணுக்கும் இதே கதைதான். பார்வைக்குள் பல பொருள்கள் கலைந்து கிடந்தால் அவை மூளையின் பார்வைப் பகுதியில் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. வேண்டிய ஒன்றின் மேல் கவனத்தை நிறுத்த மற்றவற்றை அடக்க வேண்டியிருக்கிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டெபனி மெக்மெய்ன்ஸ், சபைன் காஸ்ட்னர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. சமிக்கியும் பொடி மணியான சுகர் பீட்ஸும் கம்பிச் சுருளான ஜர்தோசியும் ஒரே தட்டில் கொட்டிக் கிடக்க, அதிலிருந்து பொன்னிற கட் பீட்ஸை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்த்தவர்களுக்கு ஆய்வு தேவையில்லை. அரை மணி நேரத்தில் கண் எரியத் தொடங்கிவிடும்.

அஞ்சறைப் பெட்டி சொல்லும் பாடம்

டேவிட் கிர்ஷ் என்ற அறிதல் அறிவியலாளர் 1995இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்கள் தம்மைச் சுற்றியுள்ள இடத்தை எப்படி அறிவோடு பயன்படுத்துகிறார்கள் என்பது அதன் பொருள். சமைப்பவரும் பாகங்களைப் பூட்டிப் பொருள் செய்பவரும் சாமான்களை வேலைக்கு ஏற்ற மாதிரி பரப்பி வைப்பதன் மூலம், தலைக்குள் செய்ய வேண்டிய யோசனையில் ஒரு பகுதியை இடத்திடமே ஒப்படைத்துவிடுகிறார்கள் என்கிறார். எதை அடுத்து எடுக்க வேண்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டாம். அது இருக்கும் இடமே சொல்லிவிடும்.

நம் அடுக்களையில் இதற்கு ஒரு பொருள் வெகுகாலமாக இருக்கிறது. அஞ்சறைப் பெட்டியை நான் சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. அது செய்யும் வேலைகளைத் தனித்தனியாகப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மூடியைத் திறந்ததும் எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் மாறாத இடம் இருப்பதால், எண்ணெய் காயும்போது அம்மாவின் கை பார்க்காமலே கடுகுக்குப் போகிறது. இரண்டு மூன்று நாளைக்குத் தேவையானது மட்டும் உள்ளே இருக்கிறது. மீதி தூக்குவாளியிலோ பரணில் இருக்கும் டின்னிலோ. எது தீரப்போகிறது என்பது தீர்வதற்கு முன்பே கண்ணில் படுகிறது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தப் பிரிவினைதான். கையில் புழங்குவது கொஞ்சம், சேமிப்பில் இருப்பது மிச்சம். வீட்டில் கைவேலை செய்யும் நம்மில் பலர் இரண்டையும் கலந்துவிடுகிறோம். ஒரு கிலோ மணியும் ஒரே டப்பாவில். அல்லது வாங்கிய கடையின் கவரோடு அப்படியே பைக்குள். கடைக்காரர் கட்டிக் கொடுத்த விதம்தான் நம் வீட்டின் அடுக்குமுறை ஆகிவிடுகிறது! ஆறு நூல்கண்டுகள் ஆறு கவர்களுக்குள் ஒளிந்திருந்தது இப்படித்தான்.

பட்டறையின் வரிசை

சுவாமிமலையில் ஒரு சிற்பப் பட்டறைக்குள் முதன்முறை போகிறவருக்கு அது ஒழுங்காகவே தோன்றாது. தரையெல்லாம் மண், கரி, உடைந்த அச்சுத் துண்டுகள், பாதி தேய்த்த திருமேனிகள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் அங்கே ஒரு கறாரான வரிசை ஓடுவது புரியும்.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவத்தைச் செய்கிறார்கள். தலை, உடல், கை என்று பகுதி பகுதியாகச் செய்து சூடான கருவியால் இணைக்கிறார்கள். அளவுக்கு ஸ்தபதிகள் வைத்திருப்பது தென்னை ஓலையைக் கீற்றாக்கி, உருவத்தின் உயரத்துக்கு வெட்டி, தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்த ஒடியோலை. மெழுகு உரு முடிந்ததும் மண் பூச்சு. இதில் மூன்று விதமான மண். உருவத்தை ஒட்டி முதலில் வருவது காவிரியின் நைசான வண்டல். நகையின் கோடு, விரல் நகம், ஆடையின் மடிப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வது அதுதான். அதன் மேல் வயல் களிமண். அதற்கும் மேல் சொரசொரப்பான மணல் கலந்த மண். உருகிய உலோகத்தின் எடையையும் சூட்டையும் தாங்குவது அது. வண்டலுக்குள் ஒரு கை மணல் கலந்துவிட்டால் மாதக்கணக்கில் செய்த முகத்தின் நுணுக்கம் போய்விடும். அதனால் எது கலைந்து கிடந்தாலும் இந்த மண்கள் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது.

அங்கே சாமான்கள் வகைப்படி அடுக்கப்படவில்லை, வேலையின் படிநிலைப்படி இருக்கின்றன. மெழுகு வேலை செய்யும் இடத்தில் மெழுகுக்கு வேண்டியவை, மண் பூசும் இடத்தில் மண்ணுக்கு வேண்டியவை, செதுக்கும் இடத்தில் உளியும் அரமும். கருவிகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், வேலை நடக்காது.

திருபுவனத்துப் பட்டுத்தறியிலும் இதைப் பார்க்கலாம். வடிவத்துக்கேற்பத் துளையிட்ட ஜக்கார்டு அட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு வரிசையாக ஏறி இறங்குகின்றன. ஓர் அட்டை இடம் மாறினால் புடவையில் அன்னத்தின் கழுத்து உடைந்துவிடும். வடிவமே அந்த வரிசைக்குள்தான் இருக்கிறது.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு எனக்கு இன்னொன்றைக் காட்டியது. பாதம், தண்டு, எண்ணெய் ஊற்றும் தட்டு, உச்சியில் பிரபை என்று தனித்தனியாக வார்த்து, மரை போட்டுத் திருகிச் சேர்க்கும் விளக்கு அது. கடைத்தெருவில் தண்டுகள் ஒரு பக்கம், தட்டுகள் ஒரு பக்கம், அன்னம் வைத்த உச்சிகள் ஒரு பக்கம் அடுக்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றால், கண் தானாக இதை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்க்கத் தொடங்கும். இந்தத் தண்டுக்கு அந்தப் பிரபை எப்படி இருக்கும்? கற்பனை என்று நாம் சொல்வதில் பெரும் பகுதி இப்படி ஏற்கெனவே இருப்பவற்றை வேறு விதமாகச் சேர்ப்பதுதான். சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் அவை பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். பிரித்து அடுக்கிய பொருள் தன் ஜோடியைத் தேட நமக்கு இடம் கொடுக்கிறது. குவியலில் கிடப்பது மேலே இருக்கும் இரண்டு மூன்றைத் தவிர வேறு எதையும் காட்டுவதில்லை.

கலைந்து கிடந்தால்தான் கற்பனை வருமா

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. 2013இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்லீன் வோஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் சிலரை ஒழுங்கான அறையிலும் சிலரைக் கலைந்து கிடந்த அறையிலும் உட்காரவைத்து, பிங்பாங் பந்தை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டார்கள். கலைந்த அறையில் இருந்தவர்களின் யோசனைகள் கூடுதல் புதுமையோடு இருந்தன. ஒழுங்கான அறையில் இருந்தவர்கள் நன்கொடை அதிகம் கொடுத்தார்கள், சாக்லேட்டை விட்டு ஆப்பிளை எடுத்தார்கள். ஒழுங்கு நம்மை நல்ல பழக்கத்துக்கும் பழகிய வழிக்கும் தள்ளுகிறது, கலைவு வழி மாறத் தூண்டுகிறது என்பது அவர்களின் முடிவு.

இதைப் படித்துவிட்டு "என் மேசை இப்படியே இருக்கட்டும்" என்று பலர் நிம்மதி அடைந்திருக்கிறார்கள். அந்தச் சோதனை எதைக் கேட்டது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாரும் எதையும் செய்து முடிக்கவில்லை. யோசனையைக் காகிதத்தில் எழுதினார்கள், அவ்வளவுதான். கைவேலையில் யோசனை தோன்றும் கட்டம் ஒன்று, அதைப் பொறுமையாகச் செய்து முடிக்கும் கட்டம் ஒன்று. ஐந்து நாள் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக் கையை முடிப்பதற்குப் பிங்பாங் பந்து யோசனை போதாது.

சரி, அப்படியானால் என்ன செய்வது? என் தீர்ப்பு இதுதான்: வைக்கும் இடத்தில் ஒழுங்கு வேண்டும், வேலை செய்யும் இடத்தில் கலைவுக்கு முழு அனுமதி வேண்டும். எங்கள் வீட்டு கொலுதான் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

பரணில் இரண்டு டிரங்குப் பெட்டிகள். ஒவ்வொரு பொம்மையும் பழைய வேட்டித் துண்டில் சுற்றி, இடையில் வைக்கோல் அடைத்து, தசாவதாரம் ஒரு பெட்டி, செட்டியார் கடையும் கல்யாண செட்டும் இன்னொன்று. அதோடு ஒரு துணிப்பை இருக்கும். "பார்க் சாமான்" என்று அம்மா அதன் மேல் எழுதியிருப்பார். உடைந்த கண்ணாடித் துண்டு, கிளிஞ்சல், வால் போன மாடு, தீப்பெட்டியில் செய்த பாலம், தலையாட்டிப் பொம்மையின் கழன்ற தலை. பெட்டிகளைத் திறக்கும்போது எந்தக் கேள்வியும் வராது, எது எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையைத் தரையில் கொட்டும்போதுதான் வீடு கூச்சலாகும். கண்ணாடித் துண்டு ஒரு வருடம் தெப்பக்குளம் ஆனது. அடுத்த வருடம் தம்பி அதை இரண்டாக வைத்து, நடுவில் களிமண்ணைக் கரடுமுரடாக அப்பி, கல்லணை என்றான். முளைவிட்ட கேழ்வரகுதான் தஞ்சாவூர் வயல். ஒன்பது நாளும் கூடமெல்லாம் மண். பத்தாம் நாளுக்கு அப்புறம் எல்லாம் துடைத்து அந்தந்தத் துணிக்குள் போய்விடும். வருடம் முழுக்க அந்தக் கண்ணாடி எங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருந்தால் அதில் கல்லணையைப் பார்த்திருப்பானா என்பது சந்தேகம். ஒளித்து வைத்து, எடுத்துக் கொட்டியதால்தான் அது புதிதாகத் தெரிந்தது.

பாதியில் நின்ற வேலைகள்

ஊக்கத்தைக் கொல்வதில் தொலைந்த நூலைவிடப் பெரியது ஒன்று உண்டு. பாதியில் நின்ற வேலை. பீரோ மேல் பாதி பின்னிய ஒயர் கூடை, கட்டில் அடியில் பாதி வரைந்த படம், தையல் மிஷின் மேல் குஞ்சம் கட்டாமல் கிடக்கும் மூன்று புடவை. ஒவ்வொரு முறை கண்ணில் படும்போதும் அவை நம்மைக் கேள்வி கேட்கின்றன. புதிதாக ஒன்றைத் தொடங்கப் போனால் குற்றவாளி மாதிரி இருக்கிறது. பழையதை எடுக்கவோ எங்கே விட்டோம் என்பதே தெரியவில்லை.

நான் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்ட இரண்டாம் வருடம், நவநீதகிருஷ்ணன் ஒன்றை ஆரம்பித்தேன். பலகையில் துணி ஒட்டி, சாக் பவுடரும் பசையும் கலந்து பூசித் தேய்த்து, கோடு வரைந்து, கல் பதித்து, இடது பக்கத் தூணைப் புடைப்பாக்க மக்கு என்ற பசைக் கலவையைப் போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டில் ஒரு மருத்துவச் செலவு, அலைச்சல். படம் சுவரோரம் திரும்பி நின்றது. இரண்டு வருடம். கற்கள் ஒரு டப்பாவில், தங்க ரேக் ஒரு புத்தகத்துக்குள், மாதிரிப் படம் வேறு எங்கோ. நேரம் கிடைத்த நாள்களில்கூட அதை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்றால் முதலில் நான்கு இடத்தில் தேட வேண்டும், அந்த நினைப்பே கையைக் கட்டிப்போட்டது.

பிறகு ஒரு நாள், அந்தப் படத்துக்கு உரியவை எல்லாவற்றையும் தேடி ஒரே அட்டைப்பெட்டியில் போட்டேன். அன்று வேலை எதுவும் செய்யவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் "அடுத்தது: வலது தூண், மக்கு. அப்புறம் ரேக். மின்விசிறியை நிறுத்து" என்று எழுதி மேலே வைத்தேன். நான்கு நாள் கழித்து, காய்கறி நறுக்கி முடித்த கையோடு போய் உட்கார்ந்து அந்தத் தூணை முடித்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தச் சீட்டு இப்போது என் பழக்கம் ஆகிவிட்டது. வேலையை நிறுத்தும்போது அடுத்த அடி எது என்று ஒரு வரி. "பச்சை முடிந்தது, இனி அரக்கு" என்றால் போதும். எழுதி வைத்தது காகிதத்தின் பொறுப்பு ஆகிவிடுகிறது, மனம் அதைச் சுமக்க வேண்டாம். இப்படி எத்தனை பெட்டி வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் மூன்று. அதற்கு மேல் போனால் பெட்டிகளே பாரம் ஆகிவிடுகின்றன. நான்காவது ஆசை வந்தால் மூன்றில் ஒன்றை முடிக்க வேண்டும், அல்லது இதை இனிச் செய்யப்போவதில்லை என்று ஒத்துக்கொண்டு சாமான்களைச் சேமிப்புக்கு அனுப்பிவிட வேண்டும். அப்படி ஒத்துக்கொண்ட அன்று மனம் எவ்வளவு லேசாகும் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஈரத்தோடு வாழும் ஊர்

கைவேலைச் சாமான்களை அடுக்குவது பற்றி இணையத்தில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் வறண்ட, குளிர்ந்த ஊர்களுக்கானவை. சுவரில் துளையிட்ட பலகை மாட்டி நூலையும் கத்தரிக்கோலையும் தொங்கவிடுவது, திறந்த அலமாரியில் நிறவாரியாகத் துணி அடுக்குவது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும் நம் படுகையில் அதை அப்படியே செய்தால் தை மாதம் அழ வேண்டியதுதான்.

சரிகை ஈரத்தில் கறுக்கும். பட்டு நூலில் பூஞ்சணம் படரும். பசை கலந்த எதுவும் கெட்டுப்போகும். கலந்து வைத்த மக்கு இரண்டு நாளில் நாறும். சுருட்டி வடிவம் செய்யும் குவில்லிங் காகிதம் சுருண்டு வளையும், இராமபாணப் பூச்சி வரும். தஞ்சாவூர் நெட்டி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான உள்தண்டைச் சீவி, பெரிய கோயில் விமானத்தையே அதில் செய்துவிடுகிறார்கள். ஈரத்தில் பிறந்த செடிதான், ஆனால் காய்ந்த நெட்டிக்கு ஈரம் ஆகாது. அதனால்தான் செய்து முடித்ததைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். கோடையில் நிலைமை தலைகீழ்: அக்னி நட்சத்திரத்தில் துணிப்பசை டியூபுக்குள்ளேயே இறுகிவிடும், மெழுகு குழையும்.

இதனால் நம் ஊரில் திறந்த அடுக்கைவிட மூடிய டப்பாதான் நல்லது, அதுவும் உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பா. ஒரு எச்சரிக்கை: காற்றுப் புகாத டப்பா ஈரத்தை உள்ளே விடாது, உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஈரத்தை வெளியே விடவும் செய்யாது. மழை விட்ட ஒரு வெயில் நாளில், நூலையும் துணியையும் நிழலில் காற்றாட விட்டு, டப்பாவை வெயிலில் காயவைத்து, அப்புறம் மூட வேண்டும். மருந்து டப்பாவிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் உள்ளே போடலாம். பூச்சிக்கு வசம்பும் கிராம்பும் துணியில் முடிந்து வைப்பது பழைய வழி. அந்துருண்டையைச் சரிகை மேல் படும்படி போட வேண்டாம்.

தரையில் எதையும் வைக்காதீர்கள் என்பதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, படுகை முழுக்க ஓடு பறந்த வீடுகளில் மேலிருந்தும் கீழிருந்தும் தண்ணீர் வந்தது. தையல் சாமான் கட்டைப்பைகளில் தரையோரம் இருந்த வீடுகளில் மிஞ்சியது எதுவுமில்லை. அதற்குப் பின் பாலிதீன் உறையில் சுற்றி மூடி போட்ட வாளியில் வைக்கத் தொடங்கியவர்கள் உண்டு. வாளி என்றால் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

எது இருக்கிறது என்று தெரிந்திருப்பது

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்தவை. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அதைப் பெருமளவு வளர்த்தார். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியுலக அறிஞர்களுக்குப் பரவலாகத் தெரிந்தது 1880இல் ஏ. சி. பர்னல் என்ற ஆங்கிலேய அறிஞர் தொகுத்த வடமொழிச் சுவடிகளின் பட்டியல் அச்சில் வந்த பிறகுதான். அந்தப் பட்டியல் ஒரு சுவடியைக்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை. இருந்ததைத் தேடக்கூடியதாக ஆக்கியது.

நம் டப்பாக்களுக்கும் ஒரு பட்டியல் வேண்டும், பெரிதாக ஒன்றும் இல்லை. மூடியில் ஒட்டிய காகிதம், அல்லது அலைபேசியில் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து எடுத்த ஒரு படம். கடையில் நிற்கும்போது அந்தப் படம் செய்யும் உதவி சாதாரணமானதல்ல. மயில்கழுத்து நிறம் கவர்ச்சியாகத் தொங்கும்போது, வீட்டில் ஏற்கெனவே எத்தனை இருக்கிறது என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டப்பா வாங்குவதும் ஒட்டுத்தாள் எழுதுவதும் நிறவாரியாக அடுக்குவதும் மிகவும் சுகமான வேலைகள். செய்துகொண்டே இருக்கலாம், தப்பே நேராது. வேலையில் இறங்கினால்தான் தப்பு நேரும், அந்தப் பயத்தில் அடுக்கிக்கொண்டே இருந்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் எடுத்து வைக்க முடியாத அடுக்குமுறை நீடிக்காது. முப்பது சிறு அறைகள் கொண்ட பெட்டியைவிட ஐந்து அறைகள் உள்ள பெட்டி மாலை களைப்பிலும் கைக்கு அடங்கும். பிஸ்கட் டின்னும் ஊறுகாய்ப் பாட்டிலும் இதற்குப் போதும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள்

வாரத்தின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், பிறந்தநாளுக்கு அப்புறம் வரும் நாள்கள் போன்ற தொடக்கங்களில் மனிதர்கள் தாம் செய்ய நினைத்ததைச் செய்யக் கூடுதலாக முனைகிறார்கள் என்று 2014இல் ஹெங்சென் டாய், கேத்ரீன் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் காட்டினார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை அத்தகைய நாள்களில் ஏறியது. பழைய கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்கு தொடங்கும் உணர்வு அது.

நம் பட்டறைகளுக்கு அந்த நாள் ஏற்கெனவே குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆயுத பூஜைக்கு முன்பு ஒவ்வொரு உளியும் அரமும் கத்தரிக்கோலும் வெளியே வருகிறது. துரு தேய்க்கப்படுகிறது, பிடி கழன்றது சரிசெய்யப்படுகிறது, பயன்படாதது விலக்கப்படுகிறது. சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகப் பரப்பிய பிறகு அன்று யாரும் தொடுவதில்லை. வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் தன் கருவிகள் மொத்தத்தையும், வேலை இல்லாமல், சும்மா பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். விஜயதசமி காலையில் தொடும்போது கை ஏங்கிப்போயிருக்கும்.

அக்காவும் போன ஆயுத பூஜைக்கு அந்த ஆறு கண்டுகளையும் ஆரி ஊசிகளுக்குப் பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, பொட்டு வைத்தார். அன்று மாலை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது: ஆறும் ஒரே நிறம் இல்லை. வெவ்வேறு சமயத்தில் வாங்கியவை, வெவ்வேறு சாயத்தில் முக்கியெடுத்தவை. ஒன்றில் நீலம் தூக்கல், ஒன்றில் பச்சை, ஒன்று ஏறக்குறையக் கருநீலம். பையில் தனித்தனியாக இருந்தபோது எல்லாமே மயில்கழுத்துதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது கழுத்து முழுதும் அங்கே இருந்தது. விஜயதசமி காலை ஆர்டர் எதுவும் இல்லாத ஒரு துண்டுத் துணியை ஸ்டாண்டில் கட்டி, கருநீலத்தில் தொடங்கிப் பச்சை வரை ஆறு நூலையும் வரிசையாக ஓட்டி ஒரு மயில் போட்டார். இந்த வைகாசிக்கு வந்த பெண்களில் நான்கு பேர் அந்தத் துண்டுத் துணியைப் பார்த்துவிட்டு, இதேதான் வேண்டும் என்று கேட்டார்கள்.